அழும் பாவை: பீங்கானில் ஒரு கையறுநிலை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரை)

நாட்டுப் பற்றைப் பாடாத மொழி இல்லை. அப்பற்றுக்கு உருவம் கொடுக்க முயலாத நாடும் இல்லை. கொடி, விலங்கு, மலர், மலை, ஆறு எனக் குறியீடுகள் பலவாயினும், நிலத்தைப் பெண்ணாகக் காணும் கற்பனையே எங்கும் ஆழ வேரூன்றியிருக்கிறது. இங்கிலாந்தில் அப்பெண்ணின் பெயர் பிரித்தானியா. தலைக்கவசம், ஈட்டி, கேடயம், அருகே சிங்கம் என வெற்றித் திருமகளாகவே அவள் பெரும்பாலும் காட்சி தருவாள். நாணயத்திலும் ஓவியத்திலும் நினைவுச் சின்னங்களிலும் அவளுடைய நிமிர்ந்த தோற்றம் பலர்க்கும் பழகிய ஒன்று.

ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் இலண்டனில் உருவான ஒரு சிறு பீங்கான் பாவையில் அவள் அழுகிறாள். அமர்ந்த நிலையில், கைக்குட்டையை முகத்தருகே கொண்டுசென்று கண்ணீர் துடைக்கிறாள். பக்கத்தில் சிங்கம் இருக்கிறது. இறந்துபோன ஓர் இளவரசரின் பக்கவாட்டு முகம் பொறித்த வட்டப் பதக்கமும் இருக்கிறது. காலம் ஏறத்தாழ 1751. ‘வேல்ஸ் இளவரசர் பிரடெரிக்கின் மறைவுக்கு இரங்கும் பிரித்தானியா’ என்பது கலை வரலாற்றாசிரியர்கள் அதற்கு இட்ட பெயர். மேசைமேல் வைக்கத்தக்க இந்தச் சிற்றுருவம், குறியீடு என்பது எங்கிருந்து வருகிறது, யார் கையால் ஆகிறது, எதைத் தாங்குகிறது, எதை மறைக்கிறது என்னும் நான்கு வினாக்களை எழுப்புகிறது. கவிதை எழுதுவோர்க்கு இந்நான்கும் அயலான வினாக்கள் அல்ல.

அரியணை ஏறாத இளவரசர்

பிரடெரிக் 1707-ஆம் ஆண்டு செருமனியின் அனோவரில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் முதலாம் ஜார்ஜ் 1714-இல் பிரித்தானிய அரியணை ஏறியபோது பெற்றோர் இங்கிலாந்துக்குச் சென்றனர். ஏழு வயதுச் சிறுவர் அனோவரிலேயே விடப்பட்டார். 1728-ஆம் ஆண்டின் இறுதியில்தான், தம் இருபத்தோராம் வயதில், அவர் இலண்டன் வந்து சேர்ந்தார். அதற்குள் தந்தை இரண்டாம் ஜார்ஜ் மன்னராகியிருந்தார். தந்தைக்கும் மகனுக்கும் இடையே இருந்த பகை நாடறிந்தது. 1737-இல் பிரடெரிக் புனித ஜேம்ஸ் அரண்மனையிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

வெளியேற்றப்பட்ட இளவரசரைச் சுற்றி, மன்னரின் அமைச்சர் வால்போலை எதிர்த்தவர்கள் திரண்டனர். அவர்கள் தம்மை ‘நாட்டுப் பற்றாளர்’ என்று அழைத்துக்கொண்டனர். அக்காலத்தில் அச்சொல் பெரிதும் எதிர்க்கட்சியினரின் சொல்லாகவே வழங்கிற்று என்பது குறிப்பிடத்தக்கது. அரசுப் பதவியில் இருப்பவர் நாட்டை விற்கின்றார், வெளியே நிற்பவரே நாட்டை நேசிக்கின்றார் என்பது அவர்களுடைய வாதம். கட்சி வேறுபாடுகளுக்கு மேலே நின்று ஆளும் ஒரு நாட்டுப் பற்றாள மன்னன் வேண்டும் என்று பாலிங்புரோக் பிரபு 1738-இல் எழுதிய நூல் இந்தக் குழுவினர்க்கு வேதம்போல் ஆயிற்று. அந்த மன்னனாகப் பிரடெரிக் வருவார் என்று அவர்கள் காத்திருந்தனர்.

அவர் வரவில்லை. 1751-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள், அன்று இங்கிலாந்தில் வழங்கிய பழைய நாட்காட்டியின்படி, தம் நாற்பத்து நான்காம் வயதில் லெஸ்டர் மாளிகையில் திடீரென மறைந்தார். மனைவி அகஸ்டா அப்போது கருவுற்றிருந்தார். தந்தையோ இன்னும் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். 1760-இல் அரியணை ஏறியவர் பிரடெரிக்கின் மகன், மூன்றாம் ஜார்ஜ்.

பாவை எதற்காக அழுகிறது என்பது இப்போது தெளிவாகும். நடந்து முடிந்த பொற்காலம் ஒன்று அவ்வழுகைக்குக் காரணம் அன்று. வரும் என்று எதிர்பார்க்கப்பட்டு வராமற்போன காலத்துக்காகவே அது அழுகிறது.

பாட்டும் அமைதியும்

பிரித்தானியாவின் பெயரை உலகெங்கும் பரப்பிய பாட்டு ஒன்று உண்டு. ‘ரூல் பிரித்தானியா’ என்னும் அப்பாட்டு, 1740-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், தேம்ஸ் ஆற்றங்கரையில் கிளிவ்டன் என்னும் மாளிகையில் முதன்முறையாகப் பாடப்பட்டது. ‘ஆல்பிரட்’ என்னும் இசை நாடகத்தின் இறுதியில் அது இடம்பெற்றது. நாடகத்தை எழுதிய ஜேம்ஸ் தாம்சன், டேவிட் மாலட் இருவரும் இசுக்காட்லாந்தில் பிறந்தவர்கள். இசை அமைத்தவர் தாமஸ் ஆர்ன். கிளிவ்டனில் அன்று வாழ்ந்தவரும் நாடகத்தை நிகழச் செய்தவரும் இந்த இளவரசர் பிரடெரிக்கே ஆவார். அவருடைய மூத்த மகளின் பிறந்த நாளையும் அவர் குடும்பம் அரியணை ஏறிய நாளையும் ஒட்டி அவ்விழா நடந்தது.

ஆக, பிரித்தானியாவைப் பாட வைத்தவர் அவர். பதினொரு ஆண்டுகள் கழித்து, அவருக்காக அழும் பிரித்தானியாவைக் குயவர் வடித்தனர். புரவலனைப் புலவர் பாடுதலும், அவன் மறைந்தபின் இரங்கிப் பாடுதலும் தமிழ் மரபு நன்கறிந்தவை. தொல்காப்பியம் கையறுநிலை என்று பெயரிட்ட துறை அது. பாரி இறந்தபின் கபிலரும் பாரி மகளிரும் பாடிய பாடல்கள் அத்துறையின் உயிர்ப்பான சான்றுகள். இலண்டனின் இப்பாவையைப் பீங்கானில் அமைந்த கையறுநிலை எனலாம். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். கையறுநிலைப் பாடலில் இரங்குபவர் புலவர், இழப்பு அவருடையது, குரல் அவருடையது. இப்பாவையில் இரங்குவது நாடு. யாருடைய துயரம் நாட்டின் துயரமாகக் காட்டப்படுகிறது என்னும் ஐயம் இங்குத்தான் பிறக்கிறது.

ஏனெனில் நாடு முழுவதும் அழவில்லை. அரசவை அழவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் 1751 ஏப்ரலில் நடந்த அடக்கச் சடங்கு மிகவும் எளிமையாக முடிந்தது. இளவரசருக்கு அணுக்கராயிருந்த ஜார்ஜ் பப் டோடிங்டன் அச்சடங்கைத் தம் நாட்குறிப்பில் கசப்புடன் பதிந்திருக்கிறார். துதிப் பாடலும் இல்லை, ஆர்கன் இசையும் இல்லை என்பது அவர் தரும் செய்தி. நாட்டின் புகழ்பெற்ற பாட்டுக்குப் புரவலராயிருந்தவர் ஒரு பாட்டும் இன்றிப் புதைக்கப்பட்டார். தெருவிலோ, அவரையும் அரச குடும்பத்தையும் எள்ளும் கல்லறைக் கவிதை ஒன்று வாய்வழியாகப் பரவிற்று. இறந்தவர் இவராகப் போனதில் பெரிய இழப்பொன்றும் இல்லை என்பதே அதன் சாரம். இன்றும் பிரடெரிக்கைப் பற்றிப் பேசுவோர் முதலில் நினைவுகூர்வது அந்த எள்ளல் கவிதையைத்தான்.

ஒரு மரணத்துக்கு இரண்டு எதிர்வினைகள்: ஒன்று கிண்டல், மற்றொன்று கண்ணீர். கிண்டலுக்குக் காசு வேண்டியதில்லை, வாய் போதும். கண்ணீருக்கோ மண்ணும் நெருப்பும் வாங்குவோரும் தேவைப்பட்டனர். பீங்கான் வாங்கக்கூடிய செல்வர் சிலரின் துயரமே ‘நாட்டின் துயரம்’ என்ற பெயரில் உருவம் பெற்றது என்பதை மறுக்க இயலாது.

தோற்றவளின் உருவம் வென்றவளின் உருவமானது

பிரித்தானியா என்னும் பெண்ணை முதலில் படைத்தவர்கள் ஆங்கிலேயர் அல்லர்; அத்தீவை வென்றவர்கள். உரோமப் பேரரசு தான் கைப்பற்றிய நாடுகளைப் பெண்களாகச் செதுக்கும் வழக்கம் உடையது. இன்றைய துருக்கியில் உள்ள அப்ரோடிசியாஸ் என்னும் பழைய நகரில், கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த புடைப்புச் சிற்பம் ஒன்று இருக்கிறது. அதில் பேரரசர் கிளாடியஸ் ஒரு பெண்ணைத் தரையில் வீழ்த்தி, தலைமுடியைப் பற்றி இழுத்து, அடிக்கக் கை ஓங்குகிறார். அப்பெண்ணின் பெயர் பிரித்தானியா என்று கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. பேரரசர் ஏட்ரியன் காலத்து நாணயங்களிலும் அவள் வருகிறாள். பேரரசர் அன்டோனினஸ் பயஸ் கி.பி. 154, 155-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட செப்பு நாணயத்தில், பாறைமேல் அமர்ந்து, தலை கவிழ்ந்து, கையில் முகம் தாங்கித் துயரத்தோடு காணப்படுகிறாள்.

ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்து அதே பெண்ணைத் தன் நாணயத்துக்கு அழைத்துக்கொண்டது. 1672-இல் இரண்டாம் சார்லஸ் வெளியிட்ட செப்பு நாணயங்களில், ஒரு கையில் ஒலிவக் கிளையும் மறு கையில் ஈட்டியும் கொண்டு அவள் அமர்ந்தாள். அடிமைப்பட்டவளின் உருவமே ஆளுகிறவளின் உருவமாயிற்று. பிற்காலத்தில் அவள் கையில் காணப்படும் முத்தலைச் சூலம் 1797-இல், பர்மிங்காமை அடுத்த சோகோவில் மாத்யூ போல்டன் அச்சிட்ட பெரிய செப்புப் பென்னியில்தான் நாணயத்துக்கு வந்தது. கடல்மேல் ஆதிக்கம் பெருகப் பெருக, ஈட்டி கடற்கடவுளின் சூலமாக மாறியதை நாணயம் காட்டுகிறது.

அழும் பாவையைச் செய்தவர் அன்டோனினஸின் நாணயத்தைக் கண்டுதான் செய்தார் என்று கூறச் சான்று இல்லை. ஆயினும் ஒன்று உறுதி: அமர்ந்து வருந்தும் கோலம் பிரித்தானியாவுக்குப் புதியதன்று, அவளுடைய பழைய கோலங்களுள் அஃதும் ஒன்று. குறியீட்டுக்கு நினைவு உண்டு. படைப்பவன் மறந்தாலும் குறியீடு தன் பழைய பொருளை முற்றும் மறப்பதில்லை.

அயலார் கைகள்

இப்பாவை யார் கையால் ஆனது? நெடுங்காலம் இதனைச் செல்சி ஆலையின் படைப்பு என்றே கருதினர். பின்னர், இதே மண்ணும் இதே நடையும் கொண்ட சிற்றுருவங்கள் சில தனித்தொகுதியாக இனங்காணப்பட்டன. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சியகத்தில் உள்ள ஊஞ்சலாடும் பெண்ணின் உருவத்தைக் கொண்டு, அத்தொகுதிக்கு ‘ஊஞ்சற் பெண்’ ஆலை என்று பெயரிட்டனர். இக்கலவையில் ஈயத்தின் அளவு மிகுதி என்பது வேதியியற் சோதனையால் தெரிய வந்தது. ஆலையின் உரிமையாளர் சார்லஸ் கூயின் என்பதைப் பிரெஞ்சு ஆவணங்களிலிருந்து 1993-இல் வெளிவந்த ஆய்வு உறுதிப்படுத்திற்று. பிரெஞ்சு வேதியியலாளர் ழான் எல்லோ 1759-இல் எழுதி வைத்த குறிப்பு ஒன்று, புனித ஜேம்ஸ் பகுதியில் தம் வீட்டிலேயே கூயின் அழகிய சிறு பீங்கான் உருவங்களைச் செய்வதைச் சொல்கிறது.

கூயின் நகை வணிகர். பிரான்சிலிருந்து வந்த சீர்திருத்தக் கிறித்துவர். அவர் முன்பு கூட்டுச் சேர்ந்திருந்த செல்சி ஆலையின் தலைவர் நிக்கோலஸ் சிப்ரிமோன், லியேஜ் நகரிலிருந்து வந்த வெள்ளிவேலைக் கலைஞர். டார்பி நகரில் பீங்கான் தொழிலைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஆந்திரே பிளான்ஷேயும் பிரெஞ்சு அகதிக் குடும்பத்தவர். பதினான்காம் லூயி 1685-இல் சமய உரிமையைப் பறித்தபின் பிரான்சை விட்டு வெளியேறிய பல்லாயிரவரின் வழிவந்த கைவினைத் திறமே இலண்டனின் வெள்ளி, பட்டு, கடிகாரத் தொழில்கள் பலவற்றை வளர்த்தது. ஆங்கிலப் பீங்கானும் அவ்வழியிலேயே வளர்ந்தது.

எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடும். பாவையின் கோலம் உரோமர் தந்தது. அவளைப் பாடியவர் இசுக்காட்லாந்தினர். அவள் அழும் இளவரசர் செருமனியில் பிறந்தவர். அவளை வடித்த ஆலை பிரெஞ்சு அகதியினுடையது. இத்தனையும் சேர்ந்து ‘ஆங்கில நாட்டுப் பற்று’ ஆகியிருக்கின்றன. இதனைப் போலி என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் நாடு என்பதே அவ்வாறுதான் உருவாகிறது. வந்தவர்களின் கைகளே பல வேளைகளில் வீட்டின் சுவரை எழுப்புகின்றன. அகதியாய் வந்தவன் புகலிடம் தந்த மண்ணுக்குச் செலுத்தும் நன்றி, அங்கேயே பிறந்தவனின் பெருமிதத்தை விடக் குறைந்ததாக இருக்க வேண்டியதில்லை.

மண்ணின் அரசியல்

இப்பாவைக்கு ஆன பொருளும் அக்கால அரசியலோடு பிணைந்தது. உண்மைப் பீங்கானின் இரகசியம் பல நூற்றாண்டுகள் சீனாவிடமே இருந்தது. சாக்சனி நாட்டில் மைசன் ஆலை 1710-இல் அதனைக் கைவரப் பெற்றது. இங்கிலாந்துக்கு அது வாய்க்கவில்லை. எனவே களிமண்ணோடு அரைத்த கண்ணாடிப் பொருளைக் கலந்து, தோற்றத்தில் பீங்கானை ஒத்த மென்பீங்கானை ஆங்கில ஆலைகள் செய்தன. இலண்டனுக்குக் கிழக்கே இருந்த போ ஆலையினர் எலும்புச் சாம்பலைச் சேர்த்தனர். அவர்கள் 1744-இல் பெற்ற காப்புரிமை, அமெரிக்காவில் செரோக்கி மக்களின் நிலத்திலிருந்து வரும் வெண்களிமண்ணைக் குறிப்பிடுகிறது. தம் ஆலையை அவர்கள் ‘புதிய காண்டன்’ என்று அழைத்து, 1750-ஆம் ஆண்டைப் பொறித்த மைக்கூடுகளில் அப்பெயரையே எழுதினர். வெண்களிமண் கார்ன்வால் பகுதியிலேயே உண்டு என்று கண்டு, உண்மைப் பீங்கானுக்கான காப்புரிமையை வில்லியம் குக்வொர்த்தி பெற்றது 1768-இல்தான்.

பிரெஞ்சுப் பொருள்களை வாங்கலாகாது என்று கூறும் கழகம் ஒன்று 1745-ஐ ஒட்டி இலண்டனில் தோன்றிற்று. ‘பிரெஞ்சு எதிர்ப்புக் கழகம்’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். உள்நாட்டுக் கைத்தொழிலை வளர்ப்பது அதன் நோக்கம். அந்நோக்கம் தவறானதன்று, உள்நாட்டுத் தொழிலாளிக்கு வேலை வேண்டும். ஆனால் அக்கழகத்தின் சின்னத்தைத் தீட்டிய பெரிய மதுக்கலங்கள் சில சீனப் பீங்கான்கள். சீனாவில் தீட்டுவித்துக் கப்பலில் வரவழைக்கப்பட்டவை. அயற்பொருள் வேண்டாம் என்னும் முழக்கமே அயற்பொருளின்மேல் எழுதப்பட்டிருந்தது.

செல்சி ஆலையும் இதற்கு விலக்கன்று. டிரெஸ்டன் அரசவையில் பிரித்தானியத் தூதராயிருந்த சர் சார்லஸ் ஆன்பரி வில்லியம்ஸுக்குச் சொந்தமான மைசன் பாத்திரங்களை, மாதிரி எடுத்துக்கொள்வதற்காகச் செல்சி ஆலையினர் 1751-இல் பெற்றுச் சென்றனர். இளவரசர் இறந்ததும் அதே ஆண்டு. அயல் நாட்டை வெல்ல வேண்டுமானால் அயல் நாட்டிடமே கற்க வேண்டும் என்பதை முழக்கமிட்டவர்களை விடக் கைவினைஞர் தெளிவாக அறிந்திருந்தனர்.

சுமை தாங்கும் குறியீடு

சிற்றுருவம் செய்யும் முறையை ஈண்டு விளக்குதல் பொருந்தும். முதலில் களிமண்ணில் மூல உருவம் வனையப்படும். அதனைத் தலை, கை, உடல், பீடம் எனப் பகுத்துச் சுண்ணச்சாந்து அச்சுகள் எடுக்கப்படும். கூழாகக் கரைத்த கலவையை அச்சினுள் ஊற்றினால், சாந்து நீரை உறிஞ்ச, உட்சுவரில் மெல்லிய படலம் தங்கும். எஞ்சிய கூழை வெளியே கொட்டிவிடுவர். ஆகவே பாவையின் உள்ளே வெற்றிடமே இருக்கும். உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து வெடிக்காமலிருக்க அடியில் ஒரு துளை விடுவர். உறுப்புகளை அதே கூழால் ஒட்டிச் சூளையில் வைப்பர். சூட்டில் மண் சுருங்கும், மென்மையடையும், தன் எடையைத் தானே தாங்கமாட்டாமல் சாயும். மென்பீங்கான் இவ்வகையில் மிகவும் இடர் தருவது. பின்னர் மெருகுப் பூச்சும், வண்ணமிட்டால் குறைந்த வெப்பத்தில் மீண்டும் ஒரு சூளையும் உண்டு. ஒவ்வொரு சூளையிலும் உடைந்து வீணாவன பல.

இதனாலேயே நிற்கும் உருவங்களுக்குப் பின்னே ஒரு மரக்கட்டையோ பாறையோ துணைக்கு வைக்கப்படும். பார்வையாளர் அதனை அழகுக்காக வைத்தது என்று எண்ணுவர். குயவருக்கு அது முட்டு. பிரித்தானியாவின் உருவத்தில் அந்த வேலையைச் சிங்கமும் கேடயமும் செய்கின்றன. சிங்கம் வீரத்தைக் குறிப்பதோடு உருவத்தையும் தாங்குகிறது. சிங்கத்தை எடுத்துவிட்டால் பொருள் குறைவது மட்டுமன்று, பாவையே சூளையில் சாய்ந்துவிடும்.

கவிதையில் வரும் குறியீட்டுக்கும் இதுவே உரைகல். எடுத்துவிட்டால் கவிதை சாய வேண்டும். சாயவில்லையெனில் அக்குறியீடு வெறும் ஒப்பனை. கொடி, குருதி, தாய், மண் என்னும் சொற்களை வரிக்கு வரி அடுக்கும் நாட்டுப் பாடல்கள் பலவற்றில் எச்சொல்லை நீக்கினாலும் ஒன்றும் குறைவதில்லை. அவை சுமையற்ற குறியீடுகள்.

வெற்றிப் பாவை

அழும் பாவைக்குப் பின் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளில் மற்றொரு பிரித்தானியா பிறந்தாள். வில்லியம் டூஸ்பரி தலைமையில் இயங்கிய டார்பி ஆலையின் படைப்பு அது. அவள் நிற்கிறாள். தலைக்கவசம் அணிந்து, கேடயம் தாங்கி, சிங்கம் பக்கத்தில் இருக்க, கொடிகளும் படைக்கலங்களும் வெற்றிப் பொருள்களாகச் சூழ, வண்ணமும் பொன்னும் மின்ன நிற்கிறாள். அதற்குச் சற்று முன்பு, 1760-ஐ ஒட்டி, கியூபெக்கில் உயிர்நீத்த தளபதி உல்பு, செருமனிப் போர்க்களங்களில் புகழ்பெற்ற கிரான்பி ஆகியோரின் உருவங்களைப் போ ஆலை இணையாக வெளியிட்டது. 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரின் வெற்றிக் களிப்பு இவ்வுருவங்களில் தெரிகிறது.

அப்போரின் களங்களுள் தமிழகமும் ஒன்று. சென்னையைப் பிரெஞ்சுப் படை 1746-இல் கைப்பற்ற, ஐரோப்பாவில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி 1749-இல் அது ஆங்கிலேயரிடம் திரும்பிற்று. இளவரசருக்காகப் பிரித்தானியா அழுத 1751-ஆம் ஆண்டிலேயே ஆர்க்காட்டு முற்றுகை நடந்தது. 1760 சனவரி 22-இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1761 சனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. டார்பிப் பாவையின் காலடியில் குவிந்திருக்கும் கொடிகளைக் காண்போர், அவற்றின் பின்னே கியூபெக்கின் குன்றோடு வந்தவாசியின் வயல்களும் இருப்பதை உணர வேண்டும். அவ்வயல்களின் உழவருக்கு அந்தப் பீங்கானில் இடம் இல்லை. அடிமைத்தளை தம்மை அணுகாது என்று பெருமிதம் கொள்ளும் அப்பாட்டு ஒலித்த நாள்களிலேயே, ஆங்கிலக் கப்பல்கள் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச் சென்றுகொண்டிருந்தன. அவர்களுக்கும் இடம் இல்லை. வெற்றிப் பாவை எதனைக் காட்டுகிறது என்பதோடு எதனைக் காட்டவில்லை என்பதையும் கேட்பது இலக்கியம் பயில்வோரின் கடமை.

இரு பாவைகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். வெற்றிப் பாவைக்கு எதிரி வேண்டும். தோற்றவன் ஒருவன் இல்லாமல் அவள் காலடியில் கொடிகள் குவியா. அழும் பாவைக்கு எதிரி வேண்டியதில்லை, இழப்பு போதும். அவளுடைய துயரம் ஒரு சிறு குழுவின் அரசியலிலிருந்து பிறந்ததே. எனினும், இளவரசர் மறக்கப்பட்டு, கட்சிகள் மறைந்து, பதக்கத்தில் இருப்பவர் யாரென்று அறியாதவர் வந்து பார்க்கும்போதும், கைக்குட்டையில் முகம் புதைக்கும் பெண்ணின் துயரம் விளங்கிவிடுகிறது. வெற்றிப் பாவையைப் புரிந்துகொள்ள வரலாற்று நூல் வேண்டும். அழும் பாவையைப் புரிந்துகொள்ள, ஒருவரையேனும் இழந்திருந்தால் போதும்.

கையறுநிலைப் பாடல்கள் இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்து நிற்பதன் காரணமும் இதுவே. பாரியின் பறம்பை வென்றவர் மூவேந்தர். அவ்வெற்றியைக் கொண்டாடும் பாட்டு எதுவும் தமிழர் நெஞ்சில் நிலைக்கவில்லை. தோற்றவன் மகளிரின் இரக்கம் நிலைத்தது. முரசு உடையவர்கள் வென்றனர். சொல் உடையவர்கள் வாழ்கின்றனர்.

கவிஞர்க்கு ஒரு செய்தி

நாட்டைப் பாடுதல் கூடாது என்பது இவ்வுரையின் கருத்தன்று. நாட்டைப் பாடும்போது நாடு யார் குரலில் பேசுகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே கருத்து. கடன்வாங்கிய குறியீட்டைக் கண்டு வெட்க வேண்டியதில்லை. கடன் வாங்காத குறியீடு உலகில் இல்லை. கடன் கொடுத்தவரை மறைப்பதே வெட்கத்துக்குரியது. உருவம் உள்ளீடற்றது என்பதும் குறையன்று. பாவைகள் எல்லாம் உள்ளீடற்றவையே. உள்ளே காற்றுக்கு ஒரு வழி விடாமல் மூடிவிட்டால்தான் அவை வெடிக்கின்றன. ஐயத்துக்கு ஒரு துளையும் விடாத நாட்டுப் பற்றும் அவ்வாறே.

அழும் பாவையின் பிரதிகள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. வண்ணம் தீட்டப்படாமல் வெண்மையாகவே விடப்பட்ட உருவம் அது. இசையின்றிப் புதைக்கப்பட்ட ஒருவருக்காக, அகதி ஒருவரின் வீட்டுச் சூளையில், உடைந்துபோகக்கூடிய மண்ணில் வடிக்கப்பட்ட இரங்கல் இருநூற்றெழுபது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. வால்போலின் ஆட்சி போயிற்று. பாலிங்புரோக்கின் கனவும் போயிற்று. கைக்குட்டை ஏந்திய கை மட்டும் இன்னும் தாழவில்லை.

பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்து, குறைகளை முகத்துக்கு நேரே சொல்லி, நிறைகளை மனமாரப் பாராட்டி வளர்ந்திருக்கும் இவ்வட்டத்தில் சொற்களைச் சூளையில் இடுவோர் பலர் உளர். உடையாமல் மீள்வன சிலவே ஆயினும், அச்சில போதும். வட்டத்தின் பணி வளர்க.